கடைசிப் பெட்டிக்கு ஐம்பத்திரண்டு வினாடி

காலை 7.20. குத்தம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது என் மனைவி கோமதி கறாராகச் சொல்லிவிட்டாள். "நான் குமணன்சாவடி வரைக்குந்தான் வாரேன். தையக்காரன்ட்ட ரவிக்கை வாங்கணும். உங்க கூத்துக்கெல்லாம் நான் ஆளில்ல."

கூத்து என்று அவள் சொன்னது என் பயணத்தை. குத்தம்பாக்கத்திலிருந்து திருமுல்லைவாயில் ஏறக்குறைய இருபத்து மூன்று கிலோமீட்டர். பஸ், ஷேர் ஆட்டோ, மின்சார ரயில் என்று மூன்று வாகனம் மாற வேண்டும். அங்கே ஒரு ரயில்வே கேட்டில் நின்று, கடந்து போகிற ஒரு கூட்ஸ் வண்டியைப் படம் எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். காசிக்குப் போயிருக்கிறேன், டார்ஜிலிங் போயிருக்கிறேன். எந்த ஊருக்குக் கிளம்பியபோதும் இப்படிக் காமிரா பேட்டரியை மூன்று தரம் சரி பார்த்ததில்லை.

அந்தக் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் எங்கள் மகள் வருகிறாள்.

மகள் பெயர் செண்பகா, வயது இருபத்தேழு. என்ஜினியரிங் முடித்து அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் ரயில்வே பரீட்சை எழுதி, கூட்ஸ் வண்டிக்குக் கார்டாகப் போய்விட்டாள். இப்போது அந்த வேலைக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் கார்டு வேலைதான். ஜோலார்பேட்டையில் இருந்துகொண்டு சேலம் பக்கமும் பெங்களூர் பக்கமும் கூட்ஸ் வண்டிகளோடு போய் வருகிறாள். ராஜபாளையத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அப்படியானால் மாப்பிள்ளையை விட்டுவிடுகிறேன் என்றாள் இவள். அன்றைக்குக் கோமதிக்கு வந்த கோபத்தை நான் முப்பது வருடத்தில் பார்த்ததில்லை. "அப்ப அந்தப் பொட்டிய கட்டிக்கிட்டே அழு. இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் செண்பகா அதை ரயில்வே உத்தரவு போல எடுத்துக்கொண்டாள். பதினாலு மாதம் ஆகிறது, வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன் செய்வாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது கோமதி, ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டு நிற்பாள். போனை வைத்ததும் சுவரைப் பார்த்து, "அங்க சாப்பாடெல்லாம் எப்படியாம்?" என்பாள். நானும் சுவருக்கே பதில் சொல்வேன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எங்கே பிசகியது, எதைத் தேய்த்தால் பொருந்தும் என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

இன்று காலை 5.50க்கு மகளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "அப்பா, முதல் தடவையா மெட்ராஸ் பக்கம் வண்டி. மேட்டூர்ல நிலக்கரி இறக்கிட்டுத் திரும்புற காலிப் பெட்டிங்க, அம்பத்தெட்டு. பதினொரு மணி வாக்கில ஆவடி தாண்டும். தண்டையார்பேட்டை யார்டு போவுது. சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னாளாம்! பெற்றவனுக்குத் தெரியாதா, எது சும்மா, எது சும்மா இல்லை என்று.

யார்டுக்குள் வெளியாள் போக முடியாது. வண்டியை ஒப்படைத்ததும் ஓய்வறையில் போய்த் தூங்குவாள். அடுத்த வண்டி எப்போது, எந்தத் திசை என்பது அவளுக்கே தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், நேருக்கு நேர் நின்றால் கோமதி பேச வேண்டியிருக்கும். பேச மாட்டாள், வீம்பு. பேசாமல் பார்க்க மட்டும் ஒரு இடம் வேண்டும் என்றால் ரயில்வே கேட்தான் தோது. வண்டி நிற்காது, யாரும் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. திருமுல்லைவாயில் கேட்டில் நிற்பதாக மகளுக்குப் பதில் போட்டேன். இதை நான் சொன்னபோது, "யாருக்குப் பாக்கணுமாம்?" என்றாள் கோமதி. சொல்லிவிட்டு உள்ளே போய், நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ரவிக்கை வாங்கப் போகிறவள் கட்டுகிற சேலை இல்லை அது.

பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்குப் பன்னிரண்டு ரூபாய். திருமழிசை, நசரத்பேட்டை, பூந்தமல்லி என்று ஊர்ந்து, 8.15க்குக் குமணன்சாவடி சந்திப்பில் இறக்கிவிட்டார்கள். நாலு பக்கமும் ஹாரன். மெட்ரோ தூண்களுக்குக் கீழே வேன்களும் கல்லூரிப் பேருந்துகளும் ஒன்றை ஒன்று மூக்கால் முட்டிக்கொண்டு நின்றன. தையற்கடை எதிர்ச் சாரியில், கதவு திறந்தே இருந்தது. தையல்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"கடை தொறந்திருக்கு" என்றேன்.

"இப்பத்தான் தொறந்திருக்கான். காஜா எடுத்திருக்க மாட்டான்" என்றாள். "திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போயி எத்தன நாளாச்சு. வாங்க, சாமி கும்பிட்டுட்டு வந்துருவோம்."

நான் வாயைத் திறக்கவில்லை. சில நேரங்களில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொண்டேன்.

8.30. ஆவடி போகும் ஷேர் ஆட்டோ. தலைக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் இளவட்டம். ஆறு பேர் ஏறிய பிறகும் கிளம்பவில்லை. "குந்துங்கம்மா, குந்துங்க. இன்னும் ஒரு ஆளு வந்தா தூக்கிரலாம்" என்று பத்து நிமிடம் தேற்றினார். கோமதிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, அந்த ஒரு ஆளுக்கும் சேத்து நான் துட்டு தாரேன், எடு" என்றாள். கோயிலுக்குப் போகிறவளுக்கு என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, அர்ஜென்டா? ஆசுபத்திரியா?"

"இல்லப்பா. ரயிலு."

"எந்த ரயிலும்மா? ஆவடியில எக்ஸ்பிரஸ் ஏதும் இப்ப நிக்காதே."

"நாங்க ஏறப்போறதில்ல. பாக்கப்போறோம்" என்றாள் கோமதி. சொன்ன பிறகுதான் உளறிவிட்டது அவளுக்கே உறைத்தது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். பருத்திப்பட்டு ஏரி வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

9.25. ஆவடி. இங்கேதான் குவார்ட்டர்ஸில் இருபத்தைந்து வருடம் இருந்தோம். பக்கத்து வீட்டில் மதுரைக்காரர், எதிர்வீட்டில் கடலூர்க்காரர், மாடியில் நாகர்கோவில்காரர். சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டுக் குழம்பும் ஒவ்வொரு ஊர் வாசனை. அந்தப் பக்கமெல்லாம் இப்போது எட்டிப் பார்க்க நேரமில்லை. டிக்கெட் ஐந்து ரூபாய், இரண்டு பேருக்குப் பத்து. 9.48 வண்டியில் ஏறி, அண்ணனூர் தாண்டி, அடுத்த நிறுத்தமான திருமுல்லைவாயிலில் இறங்கினோம். கோயில் ஒரு பக்கம், கேட் ஒரு பக்கம். கோமதி கேட் பக்கமாக நடந்தாள்.

"கோயில் அந்தப் பக்கம்" என்றேன்.

"நடை சாத்தியிருக்கும்."

மணி பத்துகூட ஆகவில்லை. மத்தியானம் வரை எந்தச் சிவன் கோயிலிலும் நடை சாத்த மாட்டார்கள். சாமியும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருந்திருக்கும்.

10.10. அண்ணனூர் பக்கமாக முக்கால் கிலோமீட்டர் நடந்தால் கேட். நாலு தண்டவாளம். மின்சார ரயிலுக்கு இரண்டு, மற்ற வண்டிகளுக்கு இரண்டு. கேட் ஒரு தரம் மூடினால் இரண்டு மூன்று வண்டி போன பிறகுதான் திறக்கும். அதற்குள் இரு பக்கமும் டூவீலர்கள் கொசு மாதிரி மொய்த்துவிடும். ஒரு அம்மாள் கூடையில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். கட்டு இருபது ரூபாய். பங்குனி வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது.

நான் காமிராவை எடுத்ததைப் பார்த்ததும் கேட் அறையிலிருந்து கேட்கீப்பர் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் எத்திராஜ், பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவராம்.

"இன்னா சார், வெயில்ல நின்னுகினு கீறீங்க? யூடியூபா?"

"இல்லப்பா. ஒரு கூட்ஸ் வண்டியப் படம் எடுக்கணும்."

"கூட்ஸா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்தே பாரத் எடுக்க வருவானுங்க, பாத்துகீறேன். கூட்ஸ எடுக்க வந்த மொத ஆளு நீதான் சார். லைன் கிட்ட மட்டும் வராத, ஆபீசரு பாத்தா எனுக்கு மெமோ கொட்த்துருவாரு. ரோட்ல நின்னு இன்னா வேணா எட்த்துக்கோ."

"அதுல எங்க பொண்ணு வாரா" என்றாள் கோமதி. "கார்டா இருக்கா."

பதினாலு மாதத்தில் அவள் 'எங்க பொண்ணு' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். முகத்தில் ஒரு பெருமை வேறு. நான் காமிரா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு நின்றேன்.

எத்திராஜின் தோரணையே மாறிவிட்டது. "கார்டம்மாவா! அட, இன்னாம்மா நீ, மொதல்லயே சொல்றதில்ல? வா, இங்க வா." கேட் கம்பத்துக்கு வெளியே, அவர் கொடி பிடித்து நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால் ஒரு வேப்பமர நிழலைக் காட்டினார். "இங்க நில்லுங்க ரெண்டு பேரும். வண்டி போவசொல்ல நான் பச்சைக் கொடி காட்டுவேன். கார்டு என்னைப் பாத்துத் திருப்பி காட்டணும். ஏதாச்சும் தொங்குதா, பொகையுதான்னு நான் பாத்து சொல்லணும். அது ரூலு. என்னைப் பாக்காம உம் பொண்ணு போவ முடியாது. என்னைப் பாத்தா உன்னையும் பாத்துதான் ஆவணும்."

கோமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, மெல்லச் சொன்னாள். "இவரைப் பாக்கணும்னு அவளுக்குச் சட்டம் இருக்கு. என்னையப் பாக்கணும்னு என்ன இருக்கு?"

நான் வெள்ளரிப்பிஞ்சு ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன்.

10.50. முதலில் ஒரு கன்டெய்னர் வண்டி வந்தது. அது அவளுடையது இல்லை என்று எத்திராஜ் சொல்லிவிட்டார். ஒத்திகை பார்க்கலாம் என்று நான் காமிராவோடு நின்றேன். எஞ்சின் வந்தது, ஹாரன் காதைக் கிழித்தது, நீலமும் சிவப்புமாகப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு சின்னக் கூண்டு. அதன் வாசற்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நரைமீசைக்காரர் ஒருவர் பச்சைக் கொடியை நீட்டினார். எத்திராஜ் நீட்டினார். அவ்வளவுதான். முகம் தெளிவாகத் தெரிந்தது இரண்டு மூன்று வினாடி.

கோமதி அந்தக் கூண்டு மறைகிறவரை பார்த்தாள். "இதுக்குள்ளயா இருக்கா? ஃபேன் இருக்கா இதுல?"

"ஃபேனா? லைட்டே எரிஞ்சா ஆச்சரியம்" என்றார் எத்திராஜ். "பாத்ரூமும் கெடையாதும்மா. ஆடுற ஆட்டத்துல இடுப்பு கழண்டுரும். காட்டுல எங்கியாவது சிக்னல் இல்லாம நாலு அவர் நிப்பாட்டுவான். ஒண்டியா குந்திகினு இருக்கணும். ஆம்பளைங்களே அழுவானுங்க. உம் பொண்ணு கில்லாடிதான்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கோமதிக்கு அது எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியும். வெள்ளரிப்பிஞ்சைக் கையிலேயே வைத்திருந்தாள், கடிக்கவில்லை. "நான் இதத்தான சொன்னேன்" என்றாள். பிஞ்சை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் சொன்ன விதந்தான் சரியில்ல" என்றாள்.

நான் பரிசோதனைக்காரன் அல்லவா, அந்த ஒத்திகையை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு காலிப் பெட்டி பதினோரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐம்பத்தெட்டு பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் அறுநூற்றைம்பது மீட்டர். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் என்றால், எஞ்சின் கடந்த ஐம்பத்திரண்டாவது வினாடி கடைசிப் பெட்டி நம் முன்னால் இருக்கும். கோமதிக்கு இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். "எஞ்சின் வந்ததும் பதறாத. அதப் பாக்கவே வேண்டாம். இந்த வேப்பமரத்தத் தாண்டி, மேக்க, வண்டி வாலப் பாத்து நில்லு. அங்கருந்தே அவ தெரிய ஆரம்பிப்பா. மூணு செகண்டு பாக்கிறத எட்டு செகண்டு பாக்கலாம்."

என்ன ஒரு மூளை எனக்கு! இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதினொன்று ஆயிற்று, வரவில்லை. பதினொன்றரை, வரவில்லை. போன் செய்து பார்த்தேன், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. வழக்கமாக அவள் வேலையிலும் அணைத்து வைக்க மாட்டாள். எத்திராஜ் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "திருநின்றவூராண்ட படுத்துகினு கீதாம் சார். எக்ஸ்பிரஸ் ரெண்டு போவணும். அதுக்கப்பால வுடுவான்." நடுவில் கேட் ஏழு தரம் மூடித் திறந்தது. மின்சார ரயில்கள் போயின, கோவை போகிற வண்டி ஒன்று போயிற்று. ஒவ்வொரு தரமும் கோமதி எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு நின்றாள். ஒவ்வொரு தரமும் உட்கார்ந்தாள். சாப்பிடப் போகலாமா என்று கேட்டேன். "நீங்க போங்க. நான் போன நேரம் அவ போயிட்டான்னா?" என்றாள்.

12.46. எத்திராஜ் கேட்டை இறக்கினார். இறக்கிக்கொண்டே, "கார்டம்மா வண்டி!" என்று குரல் கொடுத்தார்.

நான் எழுந்தேன். கோமதி எனக்கு முன்னால் எழுந்திருந்தாள். எத்திராஜ் கொடியோடு எங்களுக்கு முன்னே போய் நின்றார். காத்துக் கிடந்த டூவீலர்காரர்களுக்கும் சேதி பரவிவிட்டது போலிருக்கிறது. "யாரு மச்சான், கார்டு அவுங்க பொண்ணா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

மேற்கே வளைவில் எஞ்சின் தெரிந்தது. நான் காமிராவைக் கண்ணில் வைத்து, எஞ்சினை விட்டுத் தள்ளி, பெட்டி வரிசையின் கோடிக்குக் குறி வைத்தேன். "எஞ்சினப் பாக்காத! வாலைப் பாரு!" என்று கத்தினேன். கோமதி உடம்பையே மேற்கே திருப்பிக்கொண்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். ஹாரன் அடித்தது. நிலம் அதிர்ந்தது. எஞ்சின் எங்களைக் கடந்து முதுகுப் பக்கம் போயிற்று. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

காலிப் பெட்டிகள் போடுகிற சத்தம் இருக்கிறதே, ஆயிரம் அண்டாவைத் தெருவில் உருட்டியது மாதிரி. கரித்தூள் பறந்து கண்ணில் விழுந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. முப்பது. நாற்பது. கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. நாற்பத்தைந்து. ஐம்பது. கையை உயர்த்திவிட்டாள், "ஏட்டி!" என்று ஒரு கூப்பாடு போட்டாள், அந்தச் சத்தத்தில் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

கடைசிப் பெட்டி வந்தது. மற்றப் பெட்டிகளைப் போலவே ஒரு காலிப் பெட்டி. அதன் முதுகில் கடைசிப் பெட்டி என்பதற்கு அடையாளமாக ஒரு பலகை தொங்கியது. கூண்டு இல்லை. வாசற்படி இல்லை. யாருமே இல்லை.

கோமதியின் கை உயர்ந்தபடியே இருந்தது. வண்டி அம்பத்தூர் பக்கம் போய்ச் சிறுத்தது.

எத்திராஜ் நீட்டிய கொடியோடு திருதிருவென்று விழித்தார். "இன்னா சார் இது, பிரேக் வேனே காணோம்!" கார்டு உட்கார்கிற கூண்டுக்குத்தான் பிரேக் வேன் என்று பெயர். பிறகு தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "போச்சு! வேன் ரிப்பேர்னு நடுவுல கழட்டி வுட்டுருப்பானுங்க. வேன் இல்லாங்காட்டி கார்டு எஞ்சின்லதான் போவணும். பின்பக்க கேபின்ல, பின்னாடி பாத்துகினு. எஞ்சின்லேருந்து ஒரு பச்சைக் கொடி ஆட்டிச்சு சார், ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிச்சு. நான் அசிஸ்டென்ட் டிரைவர் பையன்னு நெனச்சு வுட்டுட்டேன். அதான் போனு ஆஃப். எஞ்சின்ல ஏறுனா ஆஃப் பண்ணியே ஆவணும்."

பத்தடி. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி இருந்திருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறுநூறு மீட்டருக்கு அப்பால் இல்லாத ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். கார்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத எவனாவது எங்கள் இடத்தில் நின்றிருந்தால், எல்லாரையும் போல எஞ்சினை வேடிக்கை பார்த்திருப்பான். அவளையும் பார்த்திருப்பான்.

கோமதி அழுதாள். பார்க்காமல் போனதற்கு அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த தடவை பார்க்கலாம், இந்தப் பக்கம் இனி அடிக்கடி வருவாள் என்று என்னவெல்லாமோ சமாதானம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"உங்களுக்கு வெளங்கல. அவ நம்மளப் பாத்திருப்பா. இத்தன நாள் கழிச்சு, முதத் தடவையா இந்த வழியா வாரா. அம்மா வந்து நிக்கா. வந்து நின்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கா. என்ன நெனப்பா? வீட்டுக்குத்தான் வராதன்னு சொன்னா, ரோட்டுலயும் வந்து நின்னு மூஞ்சியத் திருப்புதாளேன்னு நெனக்க மாட்டாளா?"

 மேற்கே திரும்பு, எஞ்சினைப் பார்க்காதே என்று பாடம் நடத்தியவன் நான்தானே.

எத்திராஜ் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "அழுவாதம்மா. ஒண்ணும் ஆவாது. எறங்கனதும் போன் பண்ணு." அவருக்குக் கேட்டைத் தூக்க வேண்டியிருந்தது. நின்றிருந்த டூவீலர்களெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அவர்களில் ஒருவன் எங்கள் பக்கம் வண்டியை நிறுத்தி, "உங்க பொண்ணைப் பாத்தேன் அங்கிள். எஞ்சின்ல. கெத்தா இருந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வயிற்றெரிச்சலாக இருந்தது.

1.20. திருமுல்லைவாயில் ஸ்டேஷன். "போன் வார வரைக்கும் நான் அசைய மாட்டேன்" என்று கோமதி நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பேசலாமே என்றதற்கு, "வீட்டுல போயி அடுப்பத் தொடச்சுக்கிட்டே நிப்பேன். எனக்கு என்னையத் தெரியும்" என்றாள். ஆவடி பக்கம் போகிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. இரண்டு டீயும் இரண்டு பன்னும் நாற்பது ரூபாய். பன்னைப் பிட்டு ஒரு நாய்க்குப் போட்டாள். நான் காமிராவில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நாற்பத்தோரு படம். அத்தனையும் கரி படிந்த காலிப் பெட்டி. ஒவ்வொன்றிலும் குறி கச்சிதம்.

3.05. போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் கோமதி வாங்கிக்கொண்டாள். காதில் வைத்தாள்.  நான் ஒலிபெருக்கியை அழுத்தினேன்.

"அப்பா" என்றது செண்பகாவின் குரல். பின்னால் யார்டு சத்தம். "வேன் டேமேஜ்னு அரக்கோணத்துல கழட்டிட்டாங்கப்பா, சொல்ல முடியல. உங்களைக் கேட்டாண்ட பார்த்தேன். அம்மாவை ஏன்பா வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தீங்க? பார்க்கப் பிடிக்கலன்னா விட்டிருக்கலாம்ல? அந்தப் பக்கம் திரும்பி நிக்க வெச்சு..." குரல் உடைந்துவிட்டது.

"கடசிப் பொட்டியப் பாத்துக்கிட்டு நின்னேன்டி" என்றாள் கோமதி.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கடசிப் பொட்டியில வருவேன்னு உங்கப்பா சொன்னாரு. எஞ்சினப் பாக்காத, வாலப் பாருன்னு சொன்னாரு. பத்து மணியில இருந்து நின்னேன். அம்பத்தெட்டு பொட்டியும் போற வரைக்கும் உன்னத்தான்டி தேடிக்கிட்டு நின்னேன். என்னைய யாரும் கூட்டிட்டு வரல. நானாத்தான் வந்தேன்."

 யார்டு இரைச்சலுக்கு நடுவே மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்பத்தூர் வளைவு வரைக்கும் ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கிட்டேதாம்மா போனேன். நீ திரும்பவே இல்ல. முகமே தெரியல. பின்னந்தலைதான் தெரிஞ்சுது. அம்மா, இவ்ளோ நரை உனக்கு எப்ப வந்துச்சு?"

கோமதியின் கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. சண்டைக்கு முன்புவரை மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, சாயத்தைக் குழைத்து அவள் தலையில் பூசிவிட்டுக்கொண்டிருந்தது செண்பகாதான். முன்பக்கம் இவளே பூசிக்கொள்வாள், பின்பக்கம் கை எட்டாது. இத்தனை மாதமும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தினமும் பார்க்கிற எனக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

"பூசி விட ஆள் இல்ல" என்றாள் கோமதி. "என்னைக்கு லீவு ஒனக்கு? வந்து பூசி விடு."

"வாசப்படியை மிதிக்கலாமா?"

"மிதிச்சா நான் என்ன செய்யப்போறேன்? வாடி பேசாம."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போனில் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்தால் சனிக்கிழமை ஓய்வு என்றாள். சரி என்றாள் கோமதி. சாப்பிட்டாயா என்று கேட்டாள். இந்தத் தடவை சுவரைப் பார்த்துக் கேட்கவில்லை.

3.32 வண்டியில் ஆவடி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பஸ். மாலை 5.50க்குக் குத்தம்பாக்கத்தில் வீட்டுக் கதவைத் திறந்தோம். ஊர் சுற்றிவிட்டு வந்தவர்கள் எல்லாரும், என்ன இருந்தாலும் நம் வீடு போல வருமா என்று எழுதுவார்கள். எங்கள் பிளாட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றை இத்தனை மாதமும் மூடியே வைத்திருக்கிறோம். வீடு வீடாக இருக்கிறதா என்று சனிக்கிழமைதான் சொல்ல முடியும்.

நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, கோமதி அந்த அறையைத் திறந்து பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் இன்னொரு சின்னக் கண்ணாடி. கொண்டையை அவிழ்த்துவிட்டு, அதை முகத்துக்கு நேராகப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்து, மகள் பார்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.